செவ்விலை நீர்த்தாவரங்களை வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கும் முறை

பச்சைத் தாவரங்களுக்கு நடுவே ஒரு கொத்துச் செவ்விலை நின்றால் மீன்தொட்டியின் தோற்றமே மாறிவிடும். அந்த ஆசையில்தான் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலரும் ஒரு சிவப்புச் செடியை வாங்கி வருகிறார்கள். வாங்கும்போது செக்கச்செவேலென்று இருந்த செடி சில வாரங்களில் அடியிலைகளை உதிர்த்துவிட்டு, நுனியில் வெளிறிய பச்சைத் துளிரோடு நிற்கும். இரும்புச்சத்து போதவில்லை என்று யாராவது சொல்ல, உரப்புட்டி ஒன்று வீட்டுக்கு வரும். செடியை முந்திக்கொண்டு பாசி அதை உண்டு கொழுக்கும். இந்தச் சுழலில் சிக்காமலிருக்க, சிவப்பை எந்தப் புட்டியிலிருந்தும் ஊற்றித் தர முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செடி, வலுவான ஒளியைச் சமாளிக்கத் தானே உண்டாக்கிக்கொள்வதுதான் அந்த நிறம். ஆகவே முதலில் வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும், நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இக்கட்டுரையின் படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

நிறம் எங்கிருந்து வருகிறது?

செவ்விலைச் செடிகளிலும் பச்சையம் இருக்கவே செய்கிறது. அது இல்லாமல் அவற்றால் உணவு தயாரிக்க முடியாது. பச்சையத்துக்கு மேலாக அவை சேர்த்துவைக்கும் நிறமிகளே இலையைச் சிவப்பாகக் காட்டுகின்றன. ரோட்டாலா, லுட்விஜியா முதலிய பெரும்பாலான செடிகளில் அந்த நிறமி அந்தோசயனின் வகையைச் சேர்ந்தது. ஒளி அளவுக்கு மீறி விழும்போது பச்சையம் பாதிக்கப்படாதபடி அது திரையாக நின்று காக்கிறது. ஒளி மங்கிய இடத்தில் அந்தத் திரைக்கு வேலையில்லை என்பதால் செடியும் அதை உருவாக்க மெனக்கெடுவதில்லை, இலை பச்சையாகவே இருந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒளிச்சேர்க்கை தடையின்றி நடந்து இலையில் சர்க்கரை மிகுந்திருக்க, அதைப் புதிய திசுவாக மாற்றத் தேவைப்படும் நைட்ரஜன் மட்டும் சற்றுக் குறைவாகக் கிடைக்கும் நிலையில் அந்தோசயனின் கூடுதலாக உருவாகிறது. அனுபவமுள்ளவர்கள் நைட்ரேட்டைக் குறைத்து ரோட்டாலாவைச் சிவக்கவைப்பது இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான்.

ஆனால் பொன்னாங்கண்ணியின் பேரினத்தைச் சேர்ந்த ஆல்டர்நாந்தெரா ரைனெக்கி என்னும் செடியில் இருப்பது வேறு நிறமி. பீட்ரூட்டுக்கு நிறம் தருகிற பீட்டாலெய்ன்தான் இதன் இலையிலும் இருக்கிறது. அந்தோசயனினில் நைட்ரஜன் கிடையாது. பீட்டாலெய்னிலோ நைட்ரஜன் ஓர் உறுப்பு. எனவே நைட்ரேட்டைக் குறைத்து நிறத்தைக் கூட்டும் உத்தி ஆல்டர்நாந்தெராவுக்குப் பொருந்தாது. பட்டினி போட்டால் அது சிறுத்து, ஓட்டை விழுந்த இலைகளோடு பாசி பிடித்து நிற்கும். ஒரு செடிக்குச் சரியான யோசனை இன்னொரு செடிக்குக் கேடாக முடிவது இப்படித்தான்.

முதல் படி: செடியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு என்னுடைய பரிந்துரை லுட்விஜியா ரெபென்ஸ். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தச் செடி கடின நீரையும் தாங்கும், கரியமில வாயு தனியாகச் செலுத்தாத தொட்டியிலும் வளரும். அதன் இலையின் மேற்புறம் ஆலிவ் பச்சையாக இருக்கும்போதே அடிப்புறம் சிவந்திருக்கும் என்பதால், நிறம் வரத் தொடங்கியிருக்கிறதா என்பதை இலையைத் திருப்பிப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். ஒளி கூடக்கூட மேற்புறமும் செம்பு நிறத்துக்கு மாறும். லுட்விஜியாவிலேயே 'சூப்பர் ரெட்' என்று விற்கப்படும் வகை, மிதமான ஒளியிலும் முழுச் சிவப்பாக இருப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது.

கிழங்கிலிருந்து முளைக்கும் சிவப்பு டைகர் லோட்டஸும் எளிதானதே. அகன்ற இலைகளில் கரும்புள்ளிகள் படர்ந்து, ஒற்றைச் செடியாகவே ஒரு தொட்டியின் மையமாக நிற்கக்கூடியது அது. கிழங்கை மண்ணுக்குள் முழுவதும் புதைத்தால் அழுகிவிடும் என்பதால் பாதி வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். ஒளி மிகக் குறைந்த தொட்டிக்கு இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் வெண்டிட்டியின் செம்பழுப்பு வகைகள் போதும். பளிச்சென்ற சிவப்பை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த நிலையில் ரோட்டாலா ரோட்டுண்டிஃபோலியாவும், வியட்நாமிலிருந்து வந்த 'ஹ்ரா' என்னும் அதன் வகையும், ஆல்டர்நாந்தெராவின் குட்டையான 'மினி' வகையும் வருகின்றன. இவற்றுக்குக் கரியமில வாயு செலுத்தினால்தான் உண்மையான நிறம் தெரியும். இந்தியாவின் தென்மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ரோட்டாலா மக்ராண்ட்ராவோ அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். மென்னீர், வலுவான ஒளி, நிலையான கரியமில வாயு ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் அது சுருண்டுவிடும். தண்டும் இலையும் கைபட்டாலே கன்றிப்போகும் அளவுக்கு மென்மையானவை. முதல் தொட்டியில் அதை நடாதிருப்பது நல்லது.

வாங்கும் இடத்தில் ஏமாறுவதற்கும் வாய்ப்பு உண்டு. ஹெமிகிராஃபிஸ், ஐரிசின், கார்டிலைன், டிராசீனா போன்ற நிலத்துச் செடிகளின் செந்நிற வகைகளை நீர்த்தாவரம் என்ற பெயரில் தொட்டியில் நட்டு விற்பதுண்டு. அவை நீருக்குள் சில வாரங்கள் வாடாமல் நின்றுவிட்டுப் பிறகு அடியிலிருந்து அழுகத் தொடங்கும். நீரிலிருந்து எடுத்ததும் துவளாமல் விறைப்பாக நிற்கும் தடித்த தண்டு, மெழுகு பூசியதுபோலப் பளபளக்கும் கெட்டியான இலை ஆகியவற்றைக் கண்டால் சந்தேகிக்கலாம். ஆனால் விறைப்பை மட்டும் வைத்து முடிவுசெய்துவிடக் கூடாது. ஏனென்றால் உண்மையான நீர்த்தாவரங்களையும் பண்ணைகளில் பெரும்பாலும் நீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள், அந்த நிலையில் அவற்றின் தண்டும் விறைப்பாகவே இருக்கும். செடியின் பெயரைக் கேட்டறிந்து, அது முழுக்க நீருக்குள் வாழ்வதுதானா என்று சரிபார்ப்பதே உறுதியான வழி.

திசு வளர்ப்பு முறையில் கிண்ணங்களில் விற்கப்படும் செடிகளுக்கு விலை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் நத்தை முட்டையோ பாசியோ பூச்சிமருந்தோ அவற்றோடு வருவதில்லை. இறால் வளர்க்கும் தொட்டிக்கு இது முக்கியம். பண்ணைச் செடியில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து மீன்களை விட்டுவைத்தாலும் இறால்களைக் கொன்றுவிடக்கூடும்.

இரண்டாம் படி: தொட்டி, மண், நீர்

ஆழம் கூடக்கூட அடிப்பகுதிக்கு ஒளி சேர்ப்பது கடினமாகும். நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 36 செ.மீ. கொண்ட தொட்டி தொடங்குவதற்கு மிகவும் பொருத்தமானது. கணக்குப்படி அது ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். மண்ணும் கல்லும் போக 50 லிட்டர் நீர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உரத்தின் அளவை இந்த 50 லிட்டரைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

மண்ணைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள்ளன. அக்வா சாயில் எனப்படும் சுட்ட மண் உருண்டைகளில் சத்துகள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நீரின் காரத்தன்மையையும் அவை இழுத்துக் குறைக்கும். ரோட்டாலாவுக்கு இது மிகவும் பிடித்த சூழல். எனினும் முதல் சில வாரங்களுக்கு அந்த மண் அமோனியாவை வெளிவிடும் என்பதால் உடனே மீன் விடக் கூடாது. இரண்டாவது வழி, சத்தில்லாத சாதாரணப் பொடிக்கல்லை நிரப்பி, வேருக்கு அருகே உர வில்லைகளைப் புதைப்பது. லுட்விஜியாவுக்கும் டைகர் லோட்டஸுக்கும் இதுவே போதும். எதைப் போட்டாலும் முன்பக்கம் 3 முதல் 4 செ.மீ., பின்பக்கம் 7 முதல் 8 செ.மீ. உயரம் இருக்குமாறு சரிவாக அமைத்தால் வேர்கள் நன்றாகப் பிடிக்கும், பார்வைக்கும் ஆழம் கூடியதுபோலத் தோன்றும்.

நீரின் வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. வெப்பம் ஏற ஏற நீரில் கரியமில வாயுவும் ஆக்சிஜனும் கரையும் அளவு குறையும், செடியின் தேவையோ கூடும். 28 டிகிரியைத் தாண்டினால் மக்ராண்ட்ரா போன்றவை தடுமாறத் தொடங்கும். தொட்டியின் மேல் சிறு மின்விசிறியைப் பொருத்தி நீர்ப்பரப்பில் காற்றுப்படச் செய்தாலே இரண்டு மூன்று டிகிரி குறைக்க முடியும். ஆவியாகும் நீரை அவ்வப்போது நிரப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: ஒளி

நிறத்துக்கு முதற்காரணம் ஒளி என்பதால் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதியை விளக்குக்கு ஒதுக்குவதில் தவறில்லை. செடி பயன்படுத்தக்கூடிய ஒளியைப் 'பார்' என்னும் அளவால் குறிப்பார்கள். மண்மட்டத்தில் பார் 50 அளவில் கிடைத்தால் லுட்விஜியாவும் ஆல்டர்நாந்தெராவும் நன்றாக நிறமெடுக்கும். ரோட்டாலாக்களின் முழு நிறத்துக்கு 80 முதல் 100 வரை வேண்டும். விளக்கின் பெட்டியில் பார் குறிப்பிடப்படவில்லை என்றால் லிட்டருக்கு 40 லூமென் என்ற தோராயக் கணக்கைக் கொள்ளலாம். நம் 50 லிட்டர் தொட்டிக்கு அது 2000 லூமென் ஆகும்.

வெள்ளை எல்இடி மட்டும் உள்ள விளக்கின் கீழும் செவ்விலைகள் நன்றாகவே வளரும். ஆயினும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி எல்இடியாக உள்ள விளக்கின் கீழ் அவை பார்வைக்கு இன்னும் அழுத்தமான சிவப்பாகத் தெரியும். செந்நிற இலை சிவப்பொளியைத்தான் எதிரொளிக்கிறது. விளக்கில் அந்த ஒளி குறைவாக இருந்தால் இலையில் நிறமி எவ்வளவு இருந்தாலும் கண்ணுக்கு அது பழுப்பாகவே படும். இணையத்தில் காணும் படங்களின் சிவப்பில் ஒரு பங்கு செடியுடையது என்றால் இன்னொரு பங்கு விளக்குடையது. அவற்றை வைத்து உங்கள் தொட்டியை எடைபோட்டுச் சோர்ந்துவிட வேண்டாம்.

ஒளி எரியும் நேரத்தை டைமர் கொண்டு கட்டுப்படுத்துவது அவசியம். புதிய தொட்டியில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரியவிட்டு, செடிகள் வேர்பிடித்த பிறகு 8 மணி நேரம் வரை கூட்டலாம். மங்கிய விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு ஈடுகட்டப் பார்ப்பதில் பயனில்லை. செடியைச் சிவக்கவைப்பது ஒளியின் வலு. அது கூடாமல் நேரத்தை மட்டும் நீட்டினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

நான்காம் படி: கரியமில வாயு

ஒளியைக் கூட்டிவிட்டுக் கரியமில வாயுவைக் கொடுக்காமல் விடுவதே புதியவர்களின் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் கோளாறு. வலுவான ஒளி செடியை வேகமாக வேலைசெய்யத் தூண்டும். அதற்கு வேண்டிய கரிமம் நீரில் இல்லாதபோது வளர்ச்சி நின்று, பாசி இடம்பிடிக்கும். வாயு செலுத்த வசதியில்லாதவர்கள் ஒளியை மிதமாக வைத்துக்கொண்டு லுட்விஜியா, டைகர் லோட்டஸ், கிரிப்டோகொரைன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அதுவும் அழகான தொட்டியாகவே அமையும்.

வாயு செலுத்தும் அமைப்பில் உருளை, அழுத்தச் சீராக்கி, மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு, குமிழி எண்ணி, வாயுவை நுண்குமிழிகளாக நீருக்குள் விடும் டிஃப்யூசர் ஆகியவை இருக்கும். நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறிச் சீராக்கியைக் கெடுத்துவிடாதபடி ஒருவழி வால்வு ஒன்றையும் இடையில் பொருத்த வேண்டும். நம் அளவுத் தொட்டிக்கு நொடிக்கு ஒரு குமிழி என்று தொடங்கலாம். விளக்கு எரிவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாக வாயு திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக மூடும்படி டைமரை அமைக்க வேண்டும். இரவில் செடிகளே கரியமில வாயுவை வெளிவிடும் என்பதால் அப்போது செலுத்துவது வீண், மீன்களுக்கு ஆபத்தும்கூட.

அடைய வேண்டிய அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 30 மி.கி. இதைக் காட்டித்தர டிராப் செக்கர் என்னும் சிறு கண்ணாடிக் குப்பி உதவும். அதில் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி கொண்ட கரைசலையும் நிறங்காட்டித் துளிகளையும் விட்டுத் தொட்டிக்குள் ஒட்டிவைக்க வேண்டும். நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, பச்சை என்றால் சரியான அளவு, மஞ்சளாகிவிட்டால் மிகுதி என்று பொருள். நீரிலுள்ள வாயு குப்பிக்குள் பரவி நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால், அது காட்டுவது சற்று முந்தைய நிலவரத்தையே. அதனால் குமிழிகளைக் கூட்டும்போது ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும், சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முதல் நாட்களில் வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்தி, காற்றுக் குமிழியை ஓடவிட்டு, பாதி நீரை மாற்றிவிட வேண்டும்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த புட்டியிலிருந்து வாயு பெறும் முறை சிறு தொட்டிகளுக்குக் கைகொடுக்கும். எனினும் முதல் சில நாட்கள் பொங்கிவிட்டுப் பிறகு படிப்படியாகத் தணிந்துபோவது அதன் இயல்பு. திரவக் கார்பன் என்று விற்கப்படும் புட்டிகளில் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு இருக்கிறது. பாசியை ஒடுக்க அது உதவலாமே தவிர வாயுவுக்கு மாற்றாகாது.

நீரோட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. வாயு கரைந்த நீர் ஒவ்வொரு செடியின் இலையையும் தொட்டுச் செல்ல வேண்டும் என்றால், வடிகட்டி ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு நீரைச் சுழற்ற வேண்டும். எல்லா இலைகளும் மெல்ல அசைந்துகொண்டிருந்தால் ஓட்டம் சரியாக இருக்கிறது.

ஐந்தாம் படி: நடுதல்

செடி வாங்கிவந்த சிறு சட்டியிலுள்ள பஞ்சை இடுக்கியால் பிரித்தெடுத்து, வேரில் ஒட்டியிருப்பதை ஓடும் நீரில் அலச வேண்டும். திசு வளர்ப்புக் கிண்ணம் என்றால் வேரைச் சுற்றியுள்ள வளர்ப்புக் கூழ் முழுவதும் கழுவப்பட வேண்டும். தண்டுச் செடிகளில் இலை முளைக்கும் கணுக்களைப் பாருங்கள். பல கணுக்களில் நூல்போன்ற வெண்வேர்கள் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். அடியிலுள்ள இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நீண்ட இடுக்கியால் தண்டைச் சாய்வாகச் செருகி, இடுக்கியைச் சற்றே அசைத்தவாறு விடுவித்தால் தண்டு மேலெழும்பாது. கொத்தாகக் கட்டி ஒரே குழியில் செருகினால் உள்ளிருக்கும் தண்டுகளுக்கு ஒளி கிட்டாமல் அழுகும். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக, 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில் நடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான் என்றாலும் அதற்குக் குறுக்குவழி இல்லை.

நட்ட பிறகு பழைய இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்துபோகலாம். பண்ணையில் காற்றில் வளர்ந்த இலைகள் நீருக்குள் வாழத் தகுந்தவை அல்ல; செடி அவற்றைக் கைவிட்டுவிட்டு நீருக்கேற்ற புதிய இலைகளைப் போடுகிறது. ரோட்டாலா ரோட்டுண்டிஃபோலியாவில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம்: காற்றில் வளர்ந்த இலை பச்சை நாணயம்போல வட்டமாக இருக்க, நீருக்குள் வரும் இலை ஒடுங்கி நீண்டு இளஞ்சிவப்பாக இருக்கும். நுனி நலமாக இருக்கும்வரை அடியிலைகள் கரைவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரைந்தவற்றை மட்டும் உடனுக்குடன் உறிஞ்சி அகற்றிவிட வேண்டும்.

ஆறாம் படி: முதல் வாரங்கள்

இந்தக் காலத்தில் செய்ய வேண்டிய பெரிய வேலை நீர் மாற்றுவது. புதிய அக்வா சாயில் போட்ட தொட்டியில் முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பாதி நீரையும், இரண்டாம் வாரம் இரண்டு முறையும், அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை பாதி நீரையும் மாற்றலாம். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் திரவத்தைச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியம் காட்டிய பிறகே மீன்களை விட வேண்டும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

கண்ணாடியிலும் இலைகளிலும் பழுப்புத் தூசிபோலப் படியும் டயட்டம் என்னும் பாசி புதிய தொட்டிகளில் வழக்கமாக வருவதுதான். துடைத்துக்கொண்டே இருந்தால் தானாக அடங்கிவிடும். கருந்தாடிபோல இலை விளிம்பில் பிடிக்கும் பாசி அப்படிப்பட்டதன்று. கரியமில வாயுவின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது, அல்லது கழிவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பாசி பிடித்த இலையைக் கிள்ளிவிட்டு வாயுவைச் சீராக்க வேண்டும். மெதுவாக வளரும் இலைகளில் கெட்டியான பச்சைப் பொட்டுகளாகத் தோன்றும் பாசி பெரும்பாலும் பாஸ்பேட் குறைவோடு சேர்ந்தே வரும். அமானோ இறாலும் நெரைட் நத்தையும் துப்புரவுப் பணியில் நன்றாக உதவும் என்றாலும் மூலகாரணத்தை அவை சரிசெய்துவிடா.

ஏழாம் படி: உரம்

செடிக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவையும் இரும்பு உள்ளிட்ட நுண்சத்துகளும் வேண்டும். தொடக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட திரவ உரத்தை, புட்டியில் சொல்லியுள்ள அளவில் பாதி என்று தொடங்குவது எளிது. தனித்தனி உப்புகளைக் கொண்டு தாமே கலக்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு: 500 மி.லி. நீரில் 25 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டையும் 2.5 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டையும் கரைத்துக்கொள்ளலாம். இந்தக் கரைசலில் 10 மி.லி. எடுத்து 50 லிட்டர் நீரில் ஊற்றினால் நைட்ரேட் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மி.கி., பாஸ்பேட் 0.7 மி.கி., பொட்டாசியம் 4 மி.கி. உயரும். செடிகள் அடர்ந்த தொட்டியில் வாரத்துக்கு இரண்டு முறை இதைக் கொடுக்கலாம். நுண்சத்துக் கலவையை வேறு புட்டியில் வைத்து வேறு நாளில் ஊற்ற வேண்டும், ஏனெனில் செறிந்த பாஸ்பேட்டும் இரும்பும் கலந்தால் வீழ்படிவாகி இரண்டுமே பயனற்றுப்போகும். உப்புகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இனி இரும்பு. பச்சையம் உருவாகத் தேவைப்படும் சத்து அது. இரும்பு குறைந்தால் புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துப்போகும், அந்நிலையில் கொடுத்தால் செடி தேறும். தேவைக்கு மேல் ஊற்றுவதால் சிவப்பு கூடுவதில்லை. லிட்டருக்கு 0.1 முதல் 0.2 மி.கி. என்று வாரத்தில் இரண்டு மூன்று முறை கிடைத்தாலே போதும். இரும்பு எந்தச் சேர்மத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் புட்டியில் பார்க்க வேண்டும். இடிடிஏ வகை, நீரின் பிஎச் 6.5 அளவைத் தாண்டும்போது பிடியை விடத் தொடங்கும்; டிடிபிஏ வகை 7.5 வரை தாங்கும். கடின நீர்த் தொட்டியில் எவ்வளவு இரும்பு ஊற்றியும் இலை வெளுத்தே இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மற்ற குறைகளையும் இலையில் படித்துவிடலாம். பழைய இலைகள் முழுவதும் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, அவற்றில் ஊசி குத்தியதுபோலத் துளைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு. நுனியிலைகள் முறுக்கிக்கொண்டு சிதைந்து வந்தால் கால்சியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கரியமில வாயுவைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

எட்டாம் படி: கத்தரித்தல்

ஒளிக்கு அருகே இருப்பதால் நுனிப்பகுதிதான் எப்போதும் மிகுதியாகச் சிவக்கும். தண்டு நீர்மட்டத்தைத் தொட்டதும் நுனிகள் மேலே படர்ந்து கீழ்ப்பகுதியை இருட்டாக்கிவிட, அடியிலைகள் உதிர்ந்து வெறும் தண்டு நிற்கும். அதற்கு முன்பே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். லுட்விஜியா, மக்ராண்ட்ரா ஆகியவற்றில் நுனியிலிருந்து 10 முதல் 12 செ.மீ. விட்டுக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அந்த நுனிகளையே மீண்டும் நட்டு, பழைய அடித்தண்டுகளைப் பிடுங்கிவிடுவது நல்லது. ரோட்டாலா ரோட்டுண்டிஃபோலியாவுக்கு அவ்வளவு வேலையில்லை. வேலி கத்தரிப்பதுபோல ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டால் ஒவ்வொரு தண்டிலும் பக்கக் கிளைகள் கிளம்பி, அடுத்த முறை புதராக அடர்ந்து எழும். டைகர் லோட்டஸ் மேற்பரப்புக்கு இலை அனுப்பத் தொடங்கினால் அந்த இலைக்காம்பை அடியோடு வெட்ட வேண்டும். தொடர்ந்து அப்படிச் செய்துவந்தால் அது குட்டையாக நீருக்குள்ளேயே இலை விரிக்கும்.

கத்தரித்தபின் நிறம் சில நாட்கள் மங்கியே தெரியும். நிழலில் இருந்த இலைகள் இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன என்பதால், எதையும் மாற்றாமல் புதிய துளிர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

எந்தச் செடியை எங்கே நடுவது என்பதிலும் நிறம் இருக்கிறது. தொட்டி முழுக்கச் செவ்விலையாக இருந்தால் கண் எதிலும் நிற்காது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், நடுமையத்திலிருந்து சற்று விலகிய ஓரிடத்தில் கொத்தாக நட்டு, இருபுறமும் வெளிர்பச்சைச் செடிகளை வைத்தால் அதே சிவப்பு இருமடங்காகத் தெரியும்.

ஒன்பதாம் படி: நிறத்தைக் கூட்டுதல்

செடிகள் வாரந்தோறும் சீராக வளர்ந்து, பாசியின் தொல்லை அடங்கி, கத்தரிக்கும் வழக்கம் படிந்த பிறகே இந்தப் படிக்கு வர வேண்டும். முதலில் ஒளியைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு வாரம் பார்க்கலாம். டிராப் செக்கரின் நிறத்தையும் கூடவே கவனிக்க வேண்டும். ஒளி கூடினால் வாயுவின் தேவையும் கூடும்.

அடுத்ததாக, அந்தோசயனின் கொண்ட செடிகள் மட்டுமே உள்ள தொட்டியாக இருந்தால் நைட்ரேட்டைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம். சோதனையில் லிட்டருக்கு 20 மி.கி. காட்டிக்கொண்டிருந்தால் முதலில் 10, பிறகு 5 என்று இறக்கலாம். பாஸ்பேட், பொட்டாசியம், நுண்சத்துகள் ஆகியவற்றை மட்டும் குறைக்கவே கூடாது. ரோட்டாலா 'ஹ்ரா' இந்த நிலையில் ஆரஞ்சிலிருந்து அடர்சிவப்புக்கு மாறும். சத்து மண்ணில் இருக்கும் தொட்டிகளில் இந்த உத்தி நன்றாகப் பலிக்கிறது. நீரில் நைட்ரேட் குறைந்தாலும் வேர் வழியாகச் செடிக்குக் கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருக்கும். வெறும் பொடிக்கல் தொட்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆல்டர்நாந்தெராவும் அதே தொட்டியில் இருந்தால் அதன் வேரடியில் ஓர் உர வில்லையைப் புதைத்துவிட்டுத்தான் நைட்ரேட்டில் கைவைக்க வேண்டும்.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. நுனியிலைகள் முன்பைவிடச் சிறுத்து வந்தாலோ, அடியிலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கினாலோ, அடுத்த முறை உரம் ஊற்றும்போதே நைட்ரேட்டைப் பழைய அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். உதிர்ந்த இலைகள் அந்தத் தண்டில் மீண்டும் முளைக்கப்போவதில்லை. நுனி தேறி, நாலைந்து கணுக்கள் நல்ல அளவில் வந்த பிறகு அதை வெட்டிப் புதிதாக நட்டுக்கொள்ளலாம்.